வாசலில் போட்ட 73939133

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிறு மாலை

பாசமும் மரியாதையும் நிறைந்த மச்சான் தம்புசாமி அவர்களுக்கு, சுகுமாறன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை புஷ்பவல்லியும் நலம். செலாயாங்கில் நீங்கள் அனைவரும் நலமென நம்புகிறேன். உங்கள் போன் என்றைக்கும் அணைந்தே கிடப்பதால் இந்தக் கடிதம்.

விஷயம், உங்கள் மருமகள், எங்கள் பெண் விஷ்ணுப்ரியாவின் கல்யாணம். கிள்ளானிலிருந்து இன்று பெண் பார்க்க வந்தார்கள், பையன் குகனும் அவன் அம்மா சீதாலெட்சுமியும். வருகிறவர்கள் கண்ணுக்கு லட்சணமாக வாசலில் வண்ண அரிசியில் ஒரு மயில் போடம்மா என்றேன். பல்கலைக்கழகத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவளிடம் போய்ச் சொன்னேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும். வந்து பார்த்தால் மயிலுமில்லை மாங்காயுமில்லை, 73939133 என்று வாசலை அடைத்துக்கொண்டு ஒரு நம்பர், சுற்றிலும் ரோஸ் கலர் பார்டர் வேறு. கேட்டால் இது பகா எண்ணாம், ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாதாம், அது மட்டுமா, வலது கோடியிலிருந்து ஒவ்வோர் இலக்கமாக அழித்துக்கொண்டே வந்தாலும் மிஞ்சுவதெல்லாம் பகா எண்தானாம், கடைசியில் 7 மட்டும் நிற்கிற வரைக்கும்! இந்தக் குணமுள்ள எண்களிலேயே பெரியது இதுதானாம். "மயில் எல்லா வீட்லயும் இருக்கும்பா, இது உலகத்துலயே ஒண்ணுதான் லா" என்கிறாள்.

செருப்பைக் கழற்ற வந்த சீதாலெட்சுமி அம்மா அப்படியே நின்றுவிட்டார். "என்னங்க இது, வாசல்லயே லாட்டரி நம்பர் எழுதி வச்சிருக்கீங்க? கனவுல வந்துச்சா?" கனவில் கண்டதையெல்லாம் நாலு இலக்க லாட்டரி நம்பராக எடுக்கிற நம் ஊரில் வேறென்ன தோன்றும்! "அது இல்ல ஆன்டி, காட்டுறேன் பாருங்க" என்று இவள் குனிந்து கடைசி 3-ஐ வழித்தாள். அடுத்த 3-ஐயும் வழித்தாள். குகன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனில் சரிபார்த்து, "கரெக்ட்தான்மா" என்கிறான். 1 போச்சு, 9 போச்சு, 7393 நிற்கிறது. அந்த அம்மா ஒரே கத்தல்: "இப்ப சரியா நாலு நம்பர்ல கொண்டாந்து நிறுத்திட்டீங்களே! நம்பர் எடுக்கிற வீட்ல நான் சம்பந்தம் வைக்க மாட்டேன்!" மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதுவரை வந்தவர்களில் கீழே உட்கார்ந்து சரிபார்த்தவர் இவர் ஒருத்தர்தான் என்று பிள்ளை அறைக்குள் அழுதுகொண்டிருக்கிறாள். எனக்கு மனசு தாங்கவில்லை, மச்சான். தாய்மாமன் நீங்கள்தான் கிள்ளானுக்குப் போய், இந்த வீட்டில் யாரும் ஒருநாளும் நம்பர் எடுத்ததில்லை என்று அந்த அம்மாவிடம் அடித்துச் சொல்லி, எப்படியாவது சம்மதிக்க வைக்க வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

என்றும் உங்கள் அன்பை நம்பியிருக்கும்,
சுகுமாறன்

பி.கு.: வியாழன் காலை. நல்லவேளை, கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன். சீதாலெட்சுமி அம்மா இப்போதுதான் போன் செய்தார், குரலில் அப்படி ஒரு குழைவு. போகிற போக்கில் அந்த 7393-ஐ மனசில் பிடித்துக்கொண்டு போய் எடுத்திருக்கிறார், நேற்றைய குலுக்கலில் ஆறுதல் பரிசாம். "உங்க பொண்ணு மகாலட்சுமிங்க, தேதியக் குறிங்க" என்கிறார். இப்போது இவள், நம்பர் எடுக்கிற வீட்டுக்கு மருமகளாகப் போகவே மாட்டேன் என்று நிற்கிறாள். கிள்ளானுக்குப் போக வேண்டாம், மச்சான். நேராக இங்கே வாருங்கள்.