மீசையைக் கொடுத்துவிட்டு வந்த கம்பு வீரன்

பக்தியில் அவசரம் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மீசைக்கு மட்டும் முப்பது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது. சிகரெட் பெட்டிக்குள் சண்டைக்காரர் படச்சீட்டுகள் வரும். சீன மொட்டைச் சாமியார், மலாய் சிலாட் வீரர், மீசைக்காரத் தமிழ்க் கம்பு வீரன் என்று சீட்டுக்கு ஒருவர். இரண்டு சீட்டுகளை மோதவிட்டு விளையாடுவோம். அந்த விளையாட்டையே படமாக எடுக்கச் சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்பெனி மலாக்காவில் வந்து இறங்கியது. கடைசிச் சண்டையில் கம்பு வீரன் சாமியாரை ஜெயிப்பானாம். அதுவரை நாங்கள் பார்த்த படங்களில் தமிழன் என்றால் வாசல் காவலாளி, இல்லாவிட்டால் வழுக்கி விழுகிறவன். நாங்கள் குடியிருந்த கஜா பேராங் வட்டாரமே துள்ளியது.

டைரக்டர் மெட்ராஸ்காரர். என்னைப் பார்த்தார். (சரியாகச் சொன்னால், என் மீசையைப் பார்த்தார்.)

"நீதான்யா கம்பு வீரன். வெள்ளிக்கிழமை ஷூட்டிங்."

கம்பு சுற்றத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. தெரியாது என்று நானும் சொல்லவில்லை. பக்கத்துச் சைக்கிள் கடைச் சீனப் பையன் ஆ செங்கை எதிராளியாக நிறுத்திப் பழகினேன். மூன்றே நாளில் அவன் என்னைவிட நன்றாகச் சுற்றினான்.

வியாழக்கிழமை அம்மா சொன்னாள்: "வேஷம் கெடச்சா முடி எறக்குறேன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன்டா."

"யாரு முடிய?"

"உன் முடியத்தான். பின்ன, என் முடியவா? மெதுவா செய்யலாம்."

மெதுவாகவா? ஆத்தா மனம் மாறிவிட்டால்? அன்றே கோயிலுக்கு ஓடினேன். தலையை முடித்த நாவிதர் கத்தியோடு நின்றார்.

"மீசையுமா தம்பி?"

"சாமிக்குக் குடுக்குறதுல என்னண்ணே கஞ்சத்தனம்? எடுங்க!"

மறுநாள், தலையில் சந்தனம் மணக்கப் போய் நின்றேன். கம்பைத் தூக்கிக்கொண்டு ஆ செங்கும் வந்தான். டைரக்டர் என்னைத் தாண்டிப் பார்த்தார்.

"கம்பு வீரன் எங்கய்யா?"

"நான்தான் சார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "டேய், நான் மீசையத்தானே புக் பண்ணேன்! அத விட்டுட்டு நீ மட்டும் எதுக்குடா வந்த?"

ஒட்டுமீசை ஒன்று இருந்தது. என் வியர்வையில் அது மூன்று முறை கழன்று விழுந்தது. அந்த நேரம் பார்த்துச் சாமியார் வேஷக்காரர் தலையை மழிக்க மாட்டேன் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். டைரக்டர் என் மொட்டையைப் பார்த்தார். சும்மா கம்பு சுற்றிக்கொண்டிருந்த ஆ செங்கையும் பார்த்தார்.

"தமிழன்னா மீசை. சாமியார்னா மொட்டை. மத்ததெல்லாம் மேக்கப்தான்யா!"

ஆ செங்குக்குத் தலைப்பாகை, மீசை, உடம்பெல்லாம் கறுப்புச் சாயம். எனக்கு இடியாப்ப மாவைக் கொட்டியதுபோல் பவுடர்.

"டேய், இப்ப நாந்தான் தமிழன்லா!" என்றான் ஆ செங். "நீ சீனன்!"

அப்புறம் அடித்தான். நடிப்புக்கு அடித்ததாக இன்றுவரை சாதிக்கிறான்.

படம் வந்த அன்று கொட்டகையில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். கடைசிச் சண்டையில் ஆ செங் என்னைப் புரட்டி எடுக்க, விசில் பறந்தது. அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "அடிடா ராசா! அந்த மொட்டைய விடாத!"

பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போனார். "அது உங்க மகன்க்கா!"

"தெரியும். தமிழன் ஜெயிக்கணும்ல?"

என் பிள்ளைகளுக்கு ஆ செங் இன்றும் 'தமிழ் மாமா'தான். தீபாவளிக்கு முதல் இலை அவனுக்கு. வீட்டில் வேலை, கல்யாணம், பேரன் என்று எந்த நல்ல செய்தி வந்தாலும் என் மனைவி முதலில் போடும் சத்தம் ஒன்றுதான்:

"யாராச்சும் சவரக்கத்திய எடுத்து ஒளிச்சு வைங்க. அவரு காதுல விழுந்துருச்சு!"