நாற்பத்தெட்டு நிமிடச் சரிபார்ப்பு

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் ஊரார் எல்லோருடைய வயதும் எழுதி வைத்திருந்தது. மூன்றாம் மேசைக் கம்ப்யூட்டரின் வயது மட்டும் யாருக்கும் தெரியாது. அதை வாங்கிய விவரம் அதற்குள்ளேயே ஒரு கோப்பில் இருந்தது. அந்தக் கோப்பைத் திறக்க அது மறுத்துவிட்டது.

காலையில் சுவிட்சைத் தட்டிவிட்டு, அந்த மேசை எழுத்தரம்மா டிபன் டப்பாவை அலமாரியில் வைத்து, எதிர்மேசைக்காரியின் மாமியார் கதையை ஒரு சுற்று கேட்டுவிட்டு வந்தாலும் அது எழுந்திருக்காது. எழுந்த பிறகு ஒரு சான்றிதழுக்கு ஐம்பது நிமிடம். ஒரு நாளைக்கு எட்டுச் சான்றிதழ் கிடைத்தால் பெரிது. மற்றவர்கள் நாலு நாள் நடக்க வேண்டும். கூட்டம் கம்ப்யூட்டரைத் திட்டாது, கண்ணுக்குத் தெரிகிற எழுத்தரம்மாவைத்தான் திட்டும். புதுசு கேட்டு அவர் ஒன்பது கடிதம் எழுதினார். "தங்கள் கோரிக்கை உரிய கவனத்தில் உள்ளது" என்று ஒன்பது பதில் வந்தது.

அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு லினக்ஸ் பைத்தியம். விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை இயக்க இலவசமாகக் கிடைக்கும் அந்த மென்பொருளில் பல வகை உண்டு. ஒரு வாரம் ஒரு வகை லினக்ஸ் போடுவார். அடுத்த வாரம் வேறொன்றுக்குத் தாவி, பழையதை வைத்திருப்பவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவார்.

"மேடம், உங்க மிஷினுக்கு ஒண்ணும் ஆகல. தலையில ஏத்தின பாரம்தான் ஜாஸ்தி. இதைப் போடுங்க, பறக்கும்" என்று ஒரு பென்டிரைவை நீட்டினார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்களே."

"தெரியாதவங்களுக்காகவே பண்ணினது மேடம். மூணாவது தடவை கட்டாயம் வந்துடும்."

எழுத்தரம்மா கண்காணிப்பாளரிடம் அனுமதி கேட்டார். அவர் கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "வாயால கேட்டீங்க, காதால கேட்டுக்கிட்டேன். பேப்பர்ல மட்டும் கேட்டுடாதீங்க. அப்புறம் நான் பேப்பர்ல பதில் சொல்லணும்."

சனிக்கிழமை மதியம், எல்லோரும் போன பிறகு, எழுத்தரம்மா காரியத்தில் இறங்கினார். "இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?" என்று திரை கேட்டது. பதிவுகள் எல்லாம் தலைமை அலுவலக சர்வரில் பத்திரமாக இருப்பது தெரிந்தும் அவர் அந்தக் கேள்வியை மூன்று முறை படித்தார். பிறந்தவர்களையும் இறந்தவர்களையும் ஒரேயடியாக அழித்துவிட்டால் ஊரில் மிச்சம் யார்? கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' என்றார்.

முதல் தடவை பென்டிரைவைப் பிடுங்க மறந்ததால் எல்லாம் ஆரம்பத்திலிருந்து வந்தது. இரண்டாம் தடவை கரண்ட் போனது. மூன்றாம் தடவை வேலை முடிந்து, பிரிண்டரைச் சேர்க்கும் இடத்தில் ஒரு கறுப்புத் திரை பாஸ்வேர்டு கேட்டது. அடித்தார்; ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று கவிழ்த்துத் தட்டினார். ஒரு குண்டூசியும் இரண்டு பிஸ்கட் துணுக்கும் விழுந்தன.

"அது காட்டாது மேடம். நம்பி அடிங்க" என்றார் கடைக்காரர் போனில்.

நம்பி அடித்தார். பிரிண்டர் முனகிக்கொண்டு ஒரு தாளைத் துப்பியது. அணைத்துப் போட்டுப் பார்த்தார்: நாற்பதே விநாடியில் எழுந்து உட்கார்ந்தது. ஆளில்லாத அறையில் எழுத்தரம்மா தனியாக நின்று கைதட்டினார்.

திங்கட்கிழமை, சான்றிதழுக்கு இரண்டு நிமிடம். பதினோரு மணிக்கு ஜன்னலில் ஆளே இல்லை. ஒருவரும் நன்றி சொல்லவில்லை. காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

புதன்கிழமை எல்லோரும் திரும்பி வந்தார்கள். முன்னால் நின்றவர், புதிதாய் அப்பாவான ஒரு லாரி டிரைவர்.

"ஏம்மா, இப்படிப் பண்ணிட்டீங்களே! ரேஷன் ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க. கேட்ட தேதியும் குடுத்த தேதியும் ஒண்ணா இருக்காம். இது சர்ட்டிபிகேட்டா, பஸ் டிக்கெட்டான்னு கேக்கறாங்க."

"பேர், தேதியெல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு. அதான் சந்தேகமா இருக்கு!"

பின்னால் நின்ற கூட்டம் பலமாகத் தலையாட்டியது.

மாலைக்குள் கண்காணிப்பாளர் கையெழுத்தில் குறிப்பாணை வந்தது. "சான்றிதழ் ஒன்றின் சரிபார்ப்புக்கு ஐம்பது நிமிடம் ஆவதாக ஆண்டறிக்கையில் கண்டுள்ள நிலையில், தாங்கள் இரண்டே நிமிடத்தில் வழங்கியதன் வாயிலாக, எஞ்சிய நாற்பத்தெட்டு நிமிடச் சரிபார்ப்பைச் செய்யத் தவறியுள்ளீர். தங்களை ஏன் பழைய ஆவணக் கிடங்குக்கு மாற்றக் கூடாது என்பதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தருக."

கிடங்கு ஊருக்கு வெளியே இருந்தது. அங்கே போனவர்கள் ஓய்வு பெற்றுத்தான் வெளியே வந்திருக்கிறார்கள். எழுத்தரம்மா கண்காணிப்பாளரிடம் ஓடினார்.

"சார், அந்த நாப்பத்தெட்டு நிமிஷமும் மிஷின் தூங்கிட்டுதான் சார் இருந்தது."

"அப்ப இதையும் தூங்க வைங்க."

"சார்?"

"ஆண்டறிக்கையைத் திருத்த முடியாதும்மா, அச்சடிச்சாச்சு. மிஷினைத் திருத்தலாம் இல்ல?"

நன்றாகப் படிக்கிற பிள்ளையை மக்குப் போல நடிக்கச் சொல்லிப் பள்ளிக்கு அனுப்புகிற மாதிரி இருந்தது எழுத்தரம்மாவுக்கு. ஆனாலும் கிடங்கு கண் முன்னால் நின்றது. கடைக்காரரிடம் போனார்.

"தூங்க வைக்கவா? ஒரே வரி மேடம். அந்தக் கட்டளைக்குப் பேரே ஸ்லீப்தான்" என்று எழுதிக் கொடுத்தார். "ஆனா இன்னும் அந்தப் பழைய லினக்ஸையா வெச்சிருக்கீங்க?" என்று பரிதாபப்படவும் செய்தார்.

மறுநாளிலிருந்து சான்றிதழ் இரண்டு நிமிடத்தில் தயாராகிவிடும். கம்ப்யூட்டர் அதை மடியில் வைத்துக்கொண்டு நாற்பத்தெட்டு நிமிடம் தூங்கும். ஜன்னல் பக்கம் திருப்பி வைத்த திரையில், "சரிபார்க்கப்படுகிறது" என்ற எழுத்துக்குக் கீழே ஒரு நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கூட்டம் வட்டத்தைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்தது.

"பாருங்க, எவ்வளவு அலசுது!" என்றார் லாரி டிரைவர், பக்கத்தில் இருந்தவரிடம்.

நாலாம் நாள் அவர் வாங்கிப் போன சான்றிதழை ரேஷன் ஆபீஸில் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். குறிப்பாணை ரத்தானது. புத்தம்புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்த மற்ற அலுவலகங்களிலிருந்து, "தங்கள் அலுவலக வட்டத்தை எமக்கும் பொருத்தித் தருக" என்று கடிதங்கள் வந்தன. எழுத்தரம்மாவுக்குப் பயிற்றுநர் பதவி கிடைத்தது.

அந்த வருடக் கடைசியில், வீட்டு மின் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்ற அவர் மின்வாரிய அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த குமாஸ்தா மனுவை வாங்கினார், நாலு தட்டுத் தட்டினார், தாளை நீட்டினார்.

"முடிஞ்சுதுங்க மேடம்."

எழுத்தரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகரவில்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்க... முழுசா பாத்தீங்களா?"

குமாஸ்தா அவரை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். தாளை வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். "பெஞ்சுல உக்காருங்க, கூப்பிடறேன்" என்றார்.

நாற்பது நிமிடத்தில் குமாஸ்தா ஒரு டீ குடித்தார், இரண்டு போன் பேசினார், நகம் வெட்டிக்கொண்டார். பிறகு டிராயரைத் திறந்து அதே தாளை எடுத்துக் கொடுத்தார்.

எழுத்தரம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. "ரொம்ப நன்றிங்க. ஒரு வேலையைச் செஞ்சா இப்படிப் பொறுப்பா செய்யணும்!"