காணிக்கு நடுவே இருபதடி

வன்னியில் இருபதடியாரைப்போல ஏச்சு வாங்கிய மனிதர் வேறு எவரும் இல்லை. ஷெல் அடித்தவனைக்கூட நாங்கள் அவ்வளவு ஏசவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. இடம்பெயர்ந்து வந்த எங்களுக்கு இரணைமடுக் காட்டோரத்தில் காணி பிரித்துத் தந்தவர் அவர். முன்பு நில அளவைக்காரரிடம் சங்கிலி பிடித்தவர். இரண்டு காணிக்கு நடுவே இருபதடி வெறுந்தரை விடவேண்டும் என்பார். காடு பற்றினால் நாங்கள் குடியிருக்கும் ஓலைக் கொட்டில்களில் தீ ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவக்கூடாதாம். சாரத்தை இறுக்கிக் கட்டியிருந்த கயிறுதான் அவருக்கு அளவு. அதை அவிழ்த்து அளக்கும்போது ஒரு கையால் சாரத்தைப் பிடித்துக்கொள்வார்.

வெறுந்தரையில் மாடு கட்டினால் அவிழ்த்துக் கொண்டுபோய் உடையவனின் சோறு கொதிக்கும் குசினிக்குள் விடுவார். ஒருமுறை செத்தவீட்டுப் பந்தலை அதில் போட்டுவிட்டார்கள். பிரேதம் படலையைத் தாண்டியதும் பந்தல்காலைப் பிடுங்கத் தொடங்கினார்.

"கிடுகோலை காஞ்சு கிடக்கு. பிறகு அழுங்கோ."

என் மகளுக்குக் கலியாணம் வந்தது. என்னிடம் இருந்தது ஒரு துண்டுக் காணி. இரண்டாகப் பிரித்தால் இன்னொரு கொட்டிலுக்கு இடம் போதாது. இருபதடியைச் சேர்த்தால் போதும். அதற்கு அங்கால் அவருடைய கொட்டில்.

"அண்ணை, சீதனம் குடுக்க என்னட்டை வேறை என்ன கிடக்கு?"

"பிள்ளையைக் குடு. என்ரை இருபதடியைக் குடுக்காதை."

"பிள்ளை பெத்திருந்தா உங்களுக்கு விளங்கும்."

இடுப்புக் கயிற்றை இறுக்கிக்கொண்டு போனார். பிறகு மலேரியாவில் பத்து நாள் ஆசுப்பத்திரியில் கிடந்தார். அதற்குள் நான் அந்த இருபதடியில் மகளுக்குக் கொட்டிலைப் போட்டு, கலியாணத்தையும் முடித்துவிட்டேன்.

"பிள்ளை குடிபூந்திட்டாள். அதாலை விடுறன், படுபாவி!" என்று திரும்பி வந்தவர் கத்தினார்.

அன்றிலிருந்து காலையில் என்னை ஏசிக்கொண்டே அந்தக் கொட்டிலைச் சுற்றிச் சருகு கூட்டினார்.

அடுத்த வறண்ட சோளகக் காற்றில், ஒரு மத்தியானம், காடு பற்றியது. முதலில் என் கொட்டில். பிறகு மகளுடையது. அவள் வயிற்றுப்பிள்ளையோடு உள்ளே படுத்திருந்தாள். நானும் மருமகனும் விறகு வெட்டப் போயிருந்தோம். நாங்கள் ஓடிவந்தபோது அவர் அவளை வெளியே இழுத்துவிட்டிருந்தார். அதற்குள் அவருடைய கொட்டிலும் எரிந்தது. அவருக்கு அங்கால் வெறுந்தரை இருந்தது. தீ அதோடு நின்றது.

"அண்ணை, ஏசுங்கோ," என்றேன்.

"பிள்ளைக்குத் தண்ணி குடு," என்றார்.

அவருடைய இரண்டு கையும் வெந்திருந்தன. எல்லாரும் ஒரு மரத்தின் கீழ் இருந்தோம். மகள்தான் தேத்தண்ணியை ஊதி ஊதி அவருக்குப் பருக்கினாள். கை ஆற ஒரு மாதம் எடுத்தது. ஆறிய பிறகும் பருக்கினாள். ஆறிவிட்டதென்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை.