போட்டோவுக்கு மட்டும் சாவி

சண்டைக்கென்றே ஒருத்தியைப் படைத்துவிட்டு, அவள் வாயைத் திறப்பதற்குள் பிரம்மா தப்பி ஓடியிருக்கிறார். அவள்தான் எங்கள் மல்லுக்கட்டு அக்கா.

பாபநாசம் பக்கத்திலிருந்து விடிந்ததும் பஸ் பிடித்து, பேட்டையில் நான் ஸ்டோர் கீப்பராக இருக்கும் பயிற்சி மையத்துக்கு வருவாள். கிராமத்துப் பெண்களுக்கு நெல் நடவு இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொடுத்து, கூலிக்கு நட்டுக் கொடுக்கும் முதலாளிகளாக ஆக்குவது எங்கள் திட்டம். முதலாளி என்ற சொல்லை அக்கா அப்படியே நம்பிவிட்டாள். அங்கேதான் வினை.

முதல் நாளே எங்கள் மைய அதிகாரி, "என்னை சாருன்னு கூப்பிடுங்கம்மா" என்றார்.

"எங்க ஊர்ல உரக்கடைக்காரரையே அண்ணாச்சிம்போம். உங்களுக்கு மட்டும் மருவாதியக் கொறைக்கலாமா, அண்ணாச்சி?" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து வாட்ச்மேன் உட்பட எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

பிறகு நாள்கணக்கில் திரையில் நடவுப் படம் ஓடியது. இயந்திரம் ஷெட்டில் தார்ப்பாய்க்குள் தூங்கியது. அக்கா எழுந்தாள். "படத்துல நட்டா படத்துலதான் சோறு பொங்கணும். வண்டிய எடுங்க."

எடுத்தோம். ஓட்டுவதை உடனே பிடித்துக்கொண்டாள், நிறுத்துவதுதான் பிடிபடவில்லை. பயிற்சி வயலைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, அதிகாரி ஆசையாய் வளர்த்த ரோஜாப் பாத்திக்குள் புகுந்து, வரிசை பிசகாமல் நாற்று நட்டுக்கொண்டே போனாள். "பைய, பைய!" என்று பின்னால் ஓடிய அதிகாரியிடம், "பூவத் திங்கவா முடியும், அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

அந்தத் தைரியத்தில், கார் பருவ நெல் சாகுபடிக்கு மிஷினில் நட்டுத் தருகிறேன் என்று ஊரில் வாக்குக் கொடுத்து, வீட்டில் பிளாஸ்டிக் தட்டுகளில் நாற்றும் பாவிவிட்டாள். "பொம்பள மிஷின் ஓட்டி நட்டா வயலு வெளங்குன மாதிரிதாம்லே" என்று டீக்கடையில் சிரித்தார்கள். தட்டு நாற்று காத்திருக்காது. முற்றிவிட்டால் மாட்டுக்குத்தான் போட வேண்டும். அப்புறம் அக்கா ஊரில் தலைகாட்ட முடியாது.

எங்கள் நிறைவு விழாவில் ஒரு வழக்கம் உண்டு. சிறப்பு விருந்தினர் இயந்திரச் சாவியை ஒருத்தி கையில் கொடுப்பார். போட்டோ எடுத்ததும் அதையே வாங்கி அடுத்தவள் கையில் கொடுப்பார். ஒரே சாவியில் எத்தனை முதலாளி வேண்டுமானாலும் உருவாகலாம். கடைசியில் சாவி என் மேஜைக்கும் வண்டி தார்ப்பாய்க்கும் திரும்பிவிடும்.

அக்கா சாவியை வாங்கினாள். அழகாகச் சிரித்தாள். அப்படியே முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதிகாரி பதறினார். "யம்மா, அது போட்டோவுக்கு மட்டுந்தாம்மா."

"நான் சிரிச்சது நெசச் சிரிப்புல்லா? சாவியும் நெசமாத்தான் இருக்கணும். வாடகையச் சொல்லுங்க, கெட்டுதேன். வண்டி இல்லாம நான் ஊருக்குப் போவ மாட்டேன். அங்கன நாத்து நிக்கி."

சொன்னவள் நேரே ஷெட்டுக்குப் போய் வண்டி இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி அடுத்த பெண்ணை வெறுங்கையோடு போட்டோவுக்கு நிற்கச் சொன்னார். "வேண்டாம் அண்ணாச்சி, அவ சொல்லுததுதான் எனக்கும்" என்று அவளும் வண்டிப் பக்கம் போனாள். அவளுக்கு அடுத்தவளும் போனாள். மேடையில் விருந்தினர் மட்டும் மிச்சம். கீழே பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. பசி பொறுக்காத விருந்தினர், "வாடகைக்குத்தானய்யா கேக்கா, கொடுத்துத் தொலைங்க!" என்று கத்தினார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. தட்டியும்விட்டேன்.

நடவு முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, வண்டியைத் திரும்ப வாங்கிவர என்னை அக்கா ஊருக்கு அனுப்பினார்கள். முடிந்தபாடில்லை. டீக்கடை ஆட்கள் தங்கள் முறைக்காக வரப்பில் காத்துக்கொண்டிருந்தார்கள். சேற்று நடுவே இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஏ தம்பி, சாப்ட்டியா? தூக்குச்சட்டியில சோறு இருக்கு, போட்டுத் தின்னு. வண்டியக் கேக்கதுன்னா மட்டும் இப்பவே திரும்பிப் போயிரு."

சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். "வீடு பூட்டிக் கெடக்கு" என்று அதிகாரியிடம் கூசாமல் புளுகினேன். இன்னொரு தடவை அனுப்பினாலும் அதையேதான் சொல்வேன். அந்த இருக்கையிலிருந்து அக்காவை இறங்கச் சொல்ல என்னால் ஆகாது.