மொரிட்டா சாருக்கு வேண்டாம் சொல்லக் கற்றுக்கொடுத்த கதை

ருவைஸ்,
2007 அக்டோபர்.

கர்த்தருக்குள் மிகுந்த மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் நேசையன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் மகள் சுகிர்தராணியும் சுகம். அங்கே உங்கள் கால்வலியும் அத்தையின் பிரஷரும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் பாதியில் அத்தை போனை வாங்கி அழுதுவிடுவார்கள். அதனால் வெள்ளிக்கிழமை ஊருக்கு வரும், என்னோடு வேலை செய்யும் ஜிபின் கையில் கொடுத்து விடலாமென்று எழுதுகிறேன். விஷயம் இதுதான். கொழுந்தியாள் ஜெபிஷாவின் கல்யாணத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. உங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை, பந்தல் முதல் பந்தி வரை மூத்த மருமகன்தான் நிற்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. நான் வராமல் தானும் வரப்போவதில்லை என்று சுகிர்தாவும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். எனக்கு மனசு ஆறவில்லை மாமா.

இந்த வளைகுடா எண்ணெய் கம்பெனியில், எங்கள் செக்‌ஷனில் லீவு பேப்பரில் கையெழுத்துப் போடுகிறவர் மொரிட்டா என்கிற ஜப்பான்காரர். தங்கமான மனுஷன். யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுவார், வேண்டாம், முடியாது என்ற பேச்சே அவரிடம் கிடையாது. இங்கிலீஷைப் பேப்பரில் கரைத்துக் குடித்தவர், வாயைத் திறந்தால் மட்டும் காற்றுதான் வரும். இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொள், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பு என்று அவருடைய மேலதிகாரி சொல்லிவிட்டாராம். நான் சும்மா இருந்திருக்கலாம். லீவு நேரத்தில் உதவுமே என்று, என் வீட்டுக்காரி நாகர்கோவிலில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள், வெள்ளிக்கிழமைதோறும் வாருங்கள் என்று சொல்லிவைத்தேன். சுகிர்தா அவரைப் புத்தகத்தின் முன் உட்காரவைக்காமல் அடுக்களையில் நிறுத்திவிட்டாள். கை செய்வதை வாய் சொல்லவேண்டும், அதுதான் பாடம். முதல் நாளே மனுஷன் "ஐ ஆம் கட்டிங் ஆனியன், ஐ ஆம் கிரையிங்" என்று கண்ணீரோடு சொன்னார், எங்களுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. உப்பு எவ்வளவு என்று கேட்டார். பார்த்துப் போடுங்கள் என்றாள் சுகிர்தா, அவர் உப்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பிளான்டிலும் பழக்கம் விடவில்லை, வயர்லெஸ்ஸில் "ஐ ஆம் குளோசிங் வால்வ், ஐ ஆம் வைப்பிங் ஃபேஸ்" என்று குரல் வரும், கண்ட்ரோல் ரூமே சிரிக்கும்.

வம்பு சமையலில் வரவில்லை, சாப்பாட்டில் வந்தது. சமைத்ததைச் சாப்பிடாமல் அனுப்ப முடியுமா? நம் வீட்டு வழக்கப்படி தட்டு காலியானால் சுகிர்தா வைப்பாள். அவர்கள் வழக்கப்படி தட்டில் வைத்ததை மிச்சம் விடக்கூடாதாம். அது எங்களுக்குத் தெரியாது, நம் வழக்கம் அவருக்குத் தெரியாது. அவர் காலி செய்ய, இவள் வைக்க, இவள் வைக்க, அவர் காலி செய்ய, புட்டும் பயறும் முடிந்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் முடிந்து, எனக்கு வைத்திருந்த பங்கும் போய்விட்டது. எவ்வளவு ஆசையாய்ச் சாப்பிடுகிறார் பாருங்கள் என்று இவள் பூரித்தாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை மனுஷன் நாற்காலியை விட்டு எழவில்லை, வேர்த்துக் கொட்டுகிறது, நானும் பக்கத்து வீட்டு மஹ்மூது பாயும் தாங்கிப்பிடித்து கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். என்ன ஆச்சு என்று நர்ஸ் பிரபாவதி கேட்டதும், அதுவரை அவர் பேசாத இங்கிலீஷெல்லாம் வந்தது: "ஷி இஸ் கிவிங். ஐ ஆம் ஈட்டிங். ஷி இஸ் கிவிங். ஐ ஆம் ஈட்டிங்." என்னை அந்த நர்ஸ் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

அடுத்த வாரம் சுகிர்தா புதுப் பாடம் எடுத்தாள். தட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மூடி, கண்ணைப் பார்த்து, நோ, இனஃப் என்று சொல்லவேண்டும். நான் கரண்டியோடு நின்றேன். மனுஷன் வெட்கத்தில் சிவந்து, தேங்க்யூ என்றார், சாரி என்றார், தட்டைப் பார்த்துக் கும்பிட்டார், கடைசியில் கையை வைத்து, "நோ. இனஃப்" என்று சத்தமாகச் சொன்னார். நாங்கள் கைதட்டினோம். அவரும் கைதட்டினார். மறுநாள் காலை, இதைவிட நல்ல நேரம் வராது என்று ஒரு மாத லீவு பேப்பரை அவர் மேஜையில் வைத்தேன். மொரிட்டா சார் படித்தார். பேனாவை எடுக்கவில்லை. உள்ளங்கையைப் பேப்பரின் மேல் வைத்து மூடி, என் கண்ணைப் பார்த்து, "நோ. இனஃப்" என்றார். சொல்லிவிட்டு, பாராட்டுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகையால் மாமா, என்னை எதிர்பார்க்க வேண்டாம். பந்தியை உங்கள் தம்பி பார்த்துக்கொள்ளட்டும். ஜெபிஷாவிடம் அத்தான் கண்கலங்கி ஜெபித்தார் என்று சொல்லுங்கள். ஆண்டவர் மணமக்களை ஆசீர்வதித்து, உங்களை இரண்டு காலிலும் நிற்கவைப்பாராக.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
நேசையன்

பி.கு: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். சுகிர்தா இதைப் படித்துவிட்டு என்னைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டாள். "ஒரு வாட்டி வேண்டாம்னா கரண்டியோட திரும்பி வந்துருவியளோ? நம்ம வீட்டுல யாருக்காவது அப்படி வெளம்பியிருக்கா? விடாமக் கேட்டுல்லா வைப்போம்!" என்றாள். மொரிட்டா சாரிடம் திரும்பிப் போய்க் கேட்டேன், நோ என்றார். நின்றுகொண்டே மறுபடியும் கேட்டேன், நோ என்றார், குரல் கொஞ்சம் இறங்கியது. மூன்றாம் முறை பேப்பரை நீட்டியதும் உள்ளங்கையை எடுத்து, இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டி, "லிட்டில்" என்றார். ஒரு வாரம் லீவு போட்டுக் கொடுத்திருக்கிறார். ஜிபினோடு அதே விமானத்தில் நாங்கள் இருவரும் வருகிறோம், கடிதத்தை நானே உங்கள் கையில் தருவேன். தம்பியிடம் பந்தியை ஒப்படைக்க வேண்டாம். மாமா, ஒன்றே ஒன்று: பந்தியில் ஒரு இலையைத் தனியாகப் போட்டு வையுங்கள். கல்யாணத்துக்கு வாருங்களேன் என்று மொரிட்டா சாரை மரியாதைக்குத்தான் ஒரு வார்த்தை கேட்டேன், அதற்கு மட்டும் அவர் நோ சொல்லவில்லை.