அழியாத வரன்

"இந்தப் பொண்ணுதாம்பா" என்று முகையூர் பெரியதம்பி கைப்பேசியைத் திருமண மையத்தின் கணினி ஆள் கோபியின் மூக்கருகே நீட்டினார். "மத்ததெல்லாம் தள்ளிட்டோம். பையன் இதுலயே நின்னுட்டான்."

கோபி பார்த்தான். கலைப்பிரியா. வயது இருபத்தாறு. பி.எஸ்சி. வேதியியல். மணமகன் தேவை.

படத்தில் இருக்கும் பச்சைப் புடவை அவன் வீட்டு பீரோவில் மடித்துக் கிடக்கிறது. அதைக் கட்டியவள் போன தை மாதம் காய்ச்சலில் போய்விட்டாள்.

"இந்த வரன் முடிஞ்சிபோச்சுங்க."

"யாரு முடிச்சது?"

"நான்தாங்க."

பெரியதம்பி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "குடுத்துவெச்சவன்" என்றார். "அப்போ வேற பொண்ணு காட்டு."

வாழைமரம் திருமண மையத்துக்கு விழுப்புரத்தில் தலைமையகம், திண்டிவனத்தில் ஒரு கிளை. முதலாளி சீனுவாசனுக்குத் தமிழ்நாடு முழுக்கப் பந்தல் போடும் ஆசை. லட்சக்கணக்கில் ஜாதகம், படம், குலம், கோத்திரம் எல்லாம் வந்து சேரும். ஒரே கணினியில் அடங்காது. ஊருக்கு ஊர் பிரதி வைத்துக்கொண்டு, ஒன்று படுத்தால் இன்னொன்று எழுந்து வேலை செய்யும் டேட்டாபேஸ் வேண்டும். கோபி அலசிப் பார்த்து இரண்டை மிச்சம் வைத்திருந்தான். ஆவணி முகூர்த்தத்துக்குள் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்.

"ரெண்டு மாப்பிள்ளைய பத்தியும் சொல்லு" என்றார் சீனுவாசன். "கெட்ட பழக்கம் இன்னா?"

"மொதல் ஆளு ஜல்தியா பதில் சொல்லுவான் சார். எந்த ஊர்ல கேட்டாலும் கையில இருக்கிறத சொல்லிடுவான். ஆனா விழுப்புரத்துல ஒண்ணு சொல்லுவான், திண்டிவனத்துல ஒண்ணு சொல்லுவான். அப்புறமா ரெண்டு ஊரும் பேசி சரி பண்ணிக்கும்."

"ரெண்டாவது ஆளு?"

"ரெண்டு ஊரும் ஒத்துக்கிட்டாத்தான் வாயே தொறப்பான்."

சீனுவாசன் யோசித்தார். "மொதல் ஆளு என் மச்சான். ரெண்டாவது ஆளு என் மாமனாரு. மச்சானையே போடு. மாமனாரோட ஒரு பொழுது ஓட்ட முடியாது."

மச்சானைச் சோதனைக்குப் போட்டார்கள். அதில்தான் கலைப்பிரியாவின் பழைய பதிவு உயிர்த்தெழுந்து முகையூர்வரை போயிருந்தது.

பெரியதம்பி வந்துபோன அன்று மாலை, ஊழியர்கள் போனபின் கோபி அந்தப் பதிவைத் திறந்தான். அதைக் கணினியில் தட்டியதே அவன்தான். கலைப்பிரியா திண்டிவனக் கிளையில் பதிய வேண்டியவள். அவள் அம்மா வெள்ளையம்மாள் அங்கே காத்துக்கொண்டிருக்க, இவள் சென்னையிலிருந்து வந்த பேருந்தில் தூங்கி, விழுப்புரத்தில் கண் விழித்தாள். வந்ததுதான் வந்தோம் என்று இங்கேயே படத்தை நீட்டினாள்.

"எதிர்பார்ப்பு?" என்று கேட்டான்.

"எறங்குற எடத்துல எழுப்பிவுடணும். வேற ஒண்ணும் வேணாம்."

அதற்கென்று கட்டம் எதுவும் இல்லை. காலியாக விட்டான். மூன்றாம் மாதம் கல்யாணம்.

'அழிக்கவா?' என்று கணினி கேட்டது. அமுக்கினான். கீழே போய் டீ குடித்தான். டீயில் சர்க்கரை இல்லை என்பது குடித்து முடித்தபின் தெரிந்தது.

அடுத்த வாரம் அவள் திரும்பி வந்திருந்தாள். அதே புடவை. மணமகன் தேவை.

முதல் நொடி அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது நொடி சீனுவாசன் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாடா இது? உன் பொண்டாட்டிய அழிச்சிட்டன்னு சொன்ன?"

"திண்டிவனத்துல கரண்டு போயிருக்கும் சார். அந்த நேரத்துல அழிச்சா அந்தப் பிரதிக்குத் தெரியாது. கரண்டு வந்ததும் அது முழிச்சிக்கினு, 'ஒரு ஆளைத் தொலைச்சிட்டீங்களே'ன்னு நமக்குத் திரும்ப அனுப்பிடும்."

"சாவு சேதி போய்ச் சேரலன்னா ஆளு உசுரோட இருக்குங்கிற."

"ஆமா சார்."

சொன்னபின் சீனுவாசனே சங்கடப்பட்டார். மேசைமேல் இருந்த பிள்ளையாரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். "மச்சான் வேணாம். மாமனாரையே கூப்புடு."

கோபி எல்லோரையும் இரண்டாவது டேட்டாபேஸுக்கு ஏற்றினான். கலைப்பிரியாவை மட்டும் ஏற்றவில்லை. வண்டியில் எல்லோரும் ஏறியபின் ஒருத்தியை நிறுத்தத்தில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்துவதுபோல் இருந்தது.

மாமனார் கண்டிப்பானவர். ஒரு குழப்பமும் இல்லை. மூன்றாம் நாள் திண்டிவனத்தில் சாலை தோண்டிய பொக்லைன், கேபிளையும் சேர்த்துத் தோண்டியது. மாமனார் வாயை மூடிக்கொண்டார். விழுப்புரத்தில் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்த கூட்டம் மாடிப்படிவரை நின்றது.

"சின்ன வயசுல ஒரு பையன், கவர்மெண்டு வேலை" என்றது ஒரு குடும்பம்.

சீனுவாசன் கண்ணை மூடி நினைவிலிருந்து தேடினார். "செஞ்சி பக்கத்துல ஒருத்தன் இருக்கான். ரெவின்யூல வேலை. தங்கமான பையன்... இரு, இரு. அவனுக்குப் போன மாசம் ரெட்டைக் கொழந்த பொறந்துச்சி."

கூட்டம் கலைந்தது. கேபிள் ஒட்டப்பட்டு மாமனார் வாய் திறந்தபோது, புதிய வரன்கள் பக்கத்தில் முதல் ஆளாகப் பச்சைப் புடவை நின்றது.

கோபி தான் ஏற்றிய பட்டியலைத் திறந்து பார்த்தான். இவளை ஏற்றவே இல்லை. கண்டிப்புக்குப் பெயர் போன டேட்டாபேஸ், இல்லாத ஒருத்தியை எங்கிருந்து கொண்டுவரும்? அழித்தான். விற்ற நிறுவனத்துக்குப் போன் போட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவரைத் திட்டினான். அவர்கள் அப்படி நடக்கவே நடக்காது என்று சத்தியம் செய்தார்கள். நாலு நாளில் நடந்தது.

அதற்கு மறுநாள் பெரியதம்பி மறுபடி வந்தார். முகம் சுண்டியிருந்தது.

"முடிஞ்ச வரன்னு ஏய்ச்சிட்டியே தம்பி. பொண்ணு திரும்ப வந்திருக்குது. செயலியில பேசுற பட்டனை அமுக்கி அவங்க வீட்டுலயே பேசிட்டேன்."

பேசியிருக்க முடியாது. அந்தப் பட்டன் எண்ணைக் காட்டாமல் இணைப்பு மட்டும் கொடுக்கும். பதிவில் கோபி போட்டது கலைப்பிரியாவின் சொந்த எண். அந்தப் போன் அவன் மேசை இழுப்பறையில் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது.

"லைன் மாறி வேற வீட்டுக்குப் போயிருக்குங்க" என்றான்.

"எந்த வீடோ. நல்லா ஒரு மணி நேரம் பேசினாங்கப்பா. பொண்ணுக்கு வேவிச்ச மல்லாட்டைன்னா உசுராம்."

"வேர்க்கடலைன்னா எந்தப் பொண்ணுக்குத்தான் உசுரு இல்ல?" என்றார் சீனுவாசன்.

"பஸ்ல ஏறினா தூங்கிடுமாம். எறங்குற ஊரைத் தாண்டித்தான் முழிக்குமாம்."

பதிவில் அதைக் கோபி எழுதவே இல்லை. அதற்குத்தான் கட்டமே இல்லையே.

"எல்லாம் பேசிட்டு, கடைசியில ஜாதகம் பொருந்தலன்னுட்டாங்க" என்றார் பெரியதம்பி. "நான் இன்னும் ஜாதகமே குடுக்கலப்பா!"

அவர் போனதும் சீனுவாசன் கதவைச் சாத்தினார். "பேஜாரா போச்சுடா. ஆளையும் எழுப்புது, வேற வீட்டு லைனையும் கோத்துவுடுது, ஜாதகமும் பாக்குது. ரெண்டு டேட்டாபேஸும் வேணாம், பழைய கம்ப்யூட்டரே போதும். மொதல்ல அந்தப் பேரு, அந்தப் படம், இனி எந்தக் கிளையிலயும் ஏறாதபடி பூட்டு."

"பூட்டினா அப்புறம் திறக்க முடியாது சார்."

"தெரியும்டா." சீனுவாசன் குரலைத் தணித்தார். "நீ எத்தினி வாட்டிதான் அழிப்ப?"

கோபி பூட்டும் திரையைத் திறந்தான். பெயரை இட்டான். அவன் அமுக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அமுக்கிவிட்டால் கலைப்பிரியா இனி எங்கிருந்தும் திரும்ப மாட்டாள். கிளைக்குச் சொல்லாமல் பூட்டக்கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியதும் அவன்தான். திண்டிவனத்துக்குப் போன் போட்டான். போன மாதம் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஜெசிந்தா எடுத்தாள்.

"ஒரு வரனை நிரந்தரமா பூட்டுறேம்மா. கலைப்பிரியா. அந்தப் பேர்ல இனிமே பதிவு ஏறாது."

"ஐயோ, அப்போ அந்தம்மா வந்தா நான் இன்னா சொல்லட்டும் சார்?"

"எந்தம்மா?"

"பொண்ணோட அம்மா வெள்ளையம்மாதான் சார், ஒவ்வொரு வாட்டியும் படத்தை எடுத்துக்கினு வந்து, 'பேரை எடுத்துட்டா போன் வர்றதே நின்னுபோவுது பாப்பா, என் நம்பரை வெச்சுத் திரும்பப் போடு'ன்னு நிப்பாங்க, இப்பகூட யாரோ முகையூர்க்காரரு ஒரு மணி நேரம் பொண்ணைப் பத்தியே கேட்டுக்கினு இருந்தாராம், அவ்ளோ சந்தோஷம் சார் அவங்களுக்கு."