சமையலறைக்குள் ஒரு வழிப்பாதை

ராயக்கோட்டைத் தக்காளி வியாபாரி கௌஸ் மொய்தீன் இருபத்தாறு வருஷம் ஓசூரில் வாடகைக்கு இருந்து, ஏழு வீட்டுக்காரர்களிடம் பேச்சு வாங்கியபின், சொந்தமாக நாலு சென்ட் வாங்கினார். பத்திரத்தில் ஒரு வில்லங்கம் படுத்திருந்தது. பின்நிலத்து ராஜப்பனின் கிணற்றுக்குப் போக, நிலத்தின் குறுக்கே மூணடி வழிப்பாதை. கிணறு தூர்ந்து வெகுகாலமாயிற்று. ராஜப்பனுக்கு மறுபக்கம் தார் ரோடே வந்துவிட்டது. பாதை மட்டும் கௌஸ் பாயின் சமையலறை வரவேண்டிய இடத்தில் அசையாமல் கிடந்தது.

"எனக்கெதுக்கு பாய் அது? எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன்" என்று ராஜப்பனும் தாலுகா ஆபீசுக்குக் கூடவே வந்தார், பாவம்.

வழிப்பாத்தியதை நீக்கப் பிரிவின் அலுவலர் தங்கதுரை சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். "பாதையில நடக்கறீங்களா?" என்று ராஜப்பனைக் கேட்டார்.

"இல்லீங்க சார்."

"நடக்காதவருக்கு ஏது பாத்தியதை? இல்லாததை எப்படி விட்டுக்கொடுப்பீங்க?"

"அப்ப பாத்தியதை இல்லேன்னு எழுதிக் குடுங்க சார்" என்றார் கௌஸ் பாய்.

"இருபது வருஷமா யாரும் நடக்கலேன்னு நேர்ல பாத்துத்தான் எழுதணும்."

பிரிவிலிருந்து தங்கதுரை உட்பட ஆறு பேர் வந்து, பாதையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்தார்கள். பாய் மனசு குளிர்ந்து இஞ்சி டீ வரவழைத்தார். அறிக்கை வந்தது: 'ஆய்வு தினத்தன்று மேற்படி பாதையில் ஆறு நபர்கள் நடமாடியது கண்டறியப்பட்டது. ஆகவே பாதை பயன்பாட்டில் உள்ளது. ஆண்டுதோறும் ஆய்வு தொடரும்.'

"நடந்ததே நீங்கதானே சார்!"

"யார் நடந்தாங்கன்னு எழுத படிவத்துல இடமில்லையே பாய்."

பாய்க்கு அழுகையே வந்துவிட்டது. மனைவி ஃபரீதாதான் வழி சொன்னாள். "வூட்டுக்காரரு ரம்ஜானுக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாரு. சமையல்கட்டுக்கு ரெண்டு பக்கமும் கதவு வச்சுக் கட்டுங்க. நடக்கறவங்க நடந்துட்டுப் போவட்டும்."

வீடு எழும்பியது. வருஷம் தவறாமல் ஆறு பேரும், சாட்சிக்கு ராஜப்பனும், ஒரு கதவால் நுழைந்து, அடுப்பைத் தாண்டி, டீ குடித்து, மறுகதவால் வெளியேறினார்கள். ஆறாம் வருஷம் ஃபரீதா அடுப்பை அணைத்துவிட்டாள். "டீ கெடையாது."

"வழக்கமாக் குடிச்சதும்மா, பாத்தியதையாயிடுச்சு" என்றார் தங்கதுரை. "நீக்கணும்னா மனு குடுங்க. யாரும் இங்க டீ குடிக்கலேன்னு வருஷாவருஷம் நாங்க வந்து குடிச்சுப் பாத்துத்தான் எழுதணும்."

"ராஜப்பண்ணே, நீங்களாவது நியாயத்தைச் சொல்லுங்க!" என்று பாய் பதறினார்.

ராஜப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நானும் அஞ்சு வருஷமாக் குடிக்கறேன் சார். எங்க கையெழுத்துப் போடணும்?"